பாஷாணமும் பயிரும்: ஓர் அபிப்பிராயம்

மத்தூர்ப் பக்கத்துக் குடியானவர் ஒருவர் சென்ற பட்டத்தில் தம் வயலிலிருந்து நாலைந்து நெற்பயிரை வேரோடு பிடுங்கி, ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் முன் வைத்தார். பயிர்கள் குட்டையாயிருந்தன. கீழிலைகளில் துருவேறினாற்போலச் செம்பழுப்புப் புள்ளிகள் படர்ந்திருந்தன. வேர்கள் நீளாமல் கட்டை தட்டிக் கிடந்தன. "ஐயா, ஆயிரம் அடிக்குமேல் போர் போட்டேன். அந்தத் தண்ணீர் வந்து விழுகிற மடையோரம் மாத்திரம் பயிர் இப்படி நிற்கிறது. தண்ணீரில் பாஷாணம் இருக்கிறது என்று ஊரில் பேசிக்கொள்ளுகிறார்கள். மெய்தானா?" என்று கேட்டார்.

மண்ணைச் சோதித்துப் பார்த்ததில் துத்தநாகக் குறைவு என்று தெரிந்தது. ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக ஸல்பேட்டை மணலில் கலந்து தூவச் சொன்னேன், பயிர் தேறிவிட்டது. அவரும் மனம் தெளிந்தார். ஆனால் என் மனம் தெளியவில்லை. ஏனெனில், அவர் கொண்டுவந்த மண் பரிசோதனைச் சீட்டில் துத்தநாகத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. ஆகையால் குறை இன்னதென்று கண்டோம். பாஷாணத்துக்கு அதில் கட்டமே இல்லை. உண்மையிலேயே அது பாஷாணத்தின் வேலையாயிருந்திருந்தால், அச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே நாம் அதை அறியாமல் போயிருப்போம். இக்கட்டுரை எழுத நேர்ந்த காரணம் இதுவே.

பாஷாணம் என்று நம்மவர் பொதுவாகச் சொல்லுவது பல விஷப் பொருள்களுக்கும் பெயராயினும், ஈண்டு நாம் கருதுவது ஆர்ஸெனிக் என்னும் மூலப்பொருளை. வெள்ளைப் பாஷாணம், தாளகம் என்னும் அரிதாரம், மனோசிலை ஆகிய மூன்றும் அதன் பல வடிவங்களே. நமது வைத்தியர்கள் இவற்றை நன்கு அறிவார்கள். விவசாயத்துக்கும் இது புதிய உறவன்று. 1860-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் அமெரிக்காவில் உருளைக்கிழங்கு வண்டைக் கொல்லப் பாரிஸ் பச்சை என்னும் தாமிரப் பாஷாணத்தைத் தூவத் தொடங்கினர். 1890-ஆம் ஆண்டுகளில் ஈயப் பாஷாணம் வந்தது. பின்னர்ப் பருத்திக் காய் வண்டுக்குச் சுண்ணப் பாஷாணம் வந்தது. டி.டி.டி. தலையெடுக்கும் வரையில் இவையே உலகெங்கும் பூச்சி மருந்துகளாக வழங்கின. நம் தேசத்தில் ஈயப் பாஷாணத்துக்கும் சுண்ணப் பாஷாணத்துக்கும் பதிவு மறுக்கப்பட்டுவிட்டது. தாமிரப் பாஷாணம் அடியோடு தடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் மருந்தைத் தடுத்தால் மண்ணில் விழுந்தது மறைந்துவிடுமா? மற்றப் பூச்சி மருந்துகள் வெயிலாலும் நுண்ணுயிர்களாலும் நாளடைவில் சிதைந்துவிடும். ஆர்ஸெனிக் மூலப்பொருளாதலால் சிதைய இடமில்லை. அமெரிக்க வாஷிங்டன் மாகாணத்தில், ஈயப் பாஷாணம் தெளித்த பழைய ஆப்பிள் தோட்டங்களில் கிழ மரங்களை வெட்டிவிட்டுப் புதுக் கன்றுகளை நட்டபோது, தெளிப்பு நின்று பல ஆண்டுகளாகியும் கன்றுகள் வளராமல் நின்றன. மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி, அது பயிருக்குள் புகுந்து செய்யும் காரியத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இது விளங்கினாலன்றிப் பின்னே கூறும் யோசனைகள் விளங்கா.

பயிருக்கு மணிச்சத்து இன்றியமையாதது. அதை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ள வேரின் உயிரணுக்களில் தனி வாசல்கள் அமைந்திருக்கின்றன. காற்றோட்டமுள்ள புஞ்சை மண்ணில் ஆர்ஸெனிக்கானது ஆர்ஸெனேட் என்னும் உருவத்தில் இருக்கும். இந்த ஆர்ஸெனேட்டும் மணிச்சத்தாகிய பாஸ்பேட்டும் ஒரு வயிற்றில் பிறந்த இரட்டைப் பிள்ளைகளைப் போன்றவை. அளவிலும் அமைப்பிலும் அத்துணை ஒற்றுமை. வாசற்காவலனால் வேற்றுமை கண்டுகொள்ள முடிவதில்லை. பாஸ்பேட் என்று எண்ணிக் கதவைத் திறந்து விஷத்தை உள்ளே விட்டுவிடுகிறான்.

உள்ளே போனதும் நடப்பது யாது? பயிரின் உயிரணு தன் எல்லா வேலைகளுக்கும் செலவிடும் நாணயம் ஏ.டி.பி. என்னும் பொருள். சுவாசத்தினாலும் சூரிய ஒளியினாலும் கிடைக்கும் சக்தியைப் பாஸ்பேட்டுடன் பிணைத்து இந்த நாணயத்தை அது அச்சடித்து வைத்துக்கொள்ளுகிறது. பாஸ்பேட்டின் இடத்தில் ஆர்ஸெனேட் புகுந்துவிட்டால் உண்டாகும் பொருள் கணப்பொழுதும் நில்லாமல் நீரில் கரைந்து பிரிந்துபோகிறது. அச்சடிக்கும் கூலி செலவாயிற்று. நாணயமோ கைக்கு வரவில்லை. சர்க்கரையைச் சிதைத்துச் சக்தி எடுக்கும் வழியிலும் இதே மோசம் நடைபெறுகிறது. வெளியில் பார்க்கும்போது பயிர் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும், மாவுப் பொருளும் செலவாகிக்கொண்டிருக்கும். ஆயினும் வேர் நீளாது, தூர் வெடிக்காது. மணிச்சத்துக் குறைந்த பயிரைப் போலவே அது தோன்றும். குடியானவர் சூப்பர் பாஸ்பேட் மூட்டையைத் தேடி ஓடுவார்.

பயிர் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. ஆர்ஸெனேட்டை ஒரு நொதியின் உதவியால் ஆர்ஸெனைட் என்னும் வேறு உருவமாக மாற்றி, வேரின் வழியாகவே வெளியே தள்ளப் பார்க்கிறது. இந்நொதி இன்னதென்று 2014-ஆம் ஆண்டிலேதான் தெளிவாயிற்று. தள்ள முடிந்தது போக மீந்ததுதான் சங்கடம். ஆர்ஸெனைட் மணிச்சத்தின் வேஷம் போடுவதில்லை. அது கந்தகத்தைத் தேடிப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. உயிரணுவின் நொதிகள் பலவற்றில் கந்தகமுள்ள முனைகள் உண்டு. அவற்றை ஆர்ஸெனைட் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டால் நொதி வேலை செய்யாது. சுவாசத்தின் நடுவில் நிற்கும் முக்கியமான நொதிகள் இவ்விதம் கட்டுண்டு போகின்றன. இலைப்பச்சை குறைகிறது. கெட்ட பிராணவாயுத் துண்டுகள் மிகுந்து உயிரணுக்களின் சவ்வுகளை அரிக்கின்றன. சவ்வு பழுதுபட்டபின் வேரால் நீரையும் சரிவர உறிஞ்ச முடியாது. ஈர மண்ணில் நின்றுகொண்டே பயிர் வாடும்.

இதற்கும் பயிர் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. க்ளூடதயோன் என்னும் கந்தகப் பொருளைக் கோத்துச் சிறு சங்கிலிகள் செய்து, ஆர்ஸெனைட்டை அவற்றில் பிணைத்து, உயிரணுவின் நடுவிலுள்ள நீர்ப்பையில் போட்டுப் பூட்டிவிடுகிறது. திருடனைப் பிடித்துத் தன் வீட்டிலேயே ஓர் அறையில் அடைத்து வைப்பது போன்ற காரியம்! ஆனால் இந்தக் க்ளூடதயோன்தான் வறட்சி, வெப்பம் முதலிய மற்ற இடுக்கண்களிலும் பயிருக்குக் காவல். அதை ஒருபுறம் செலவிட்டால் மறுபுறம் குறையும். கந்தகச் சத்தும் மணிச்சத்தும் நன்றாயுள்ள நிலத்தில் பயிர் பாஷாணத்தை ஓரளவு தாங்குவதும், மெலிந்த நிலத்தில் விரைவில் விழுவதும் இக்காரணத்தினாலேயே.

இப்படிப் பூட்டி வைப்பது பெரும்பாலும் வேரிலும் தண்டின் கணுக்களிலும் நடைபெறுவதால், வேரில் மிகுதியாகவும், வைக்கோலில் அதைவிடக் குறைவாகவும், தானியத்தில் எல்லாவற்றிலும் குறைவாகவும் விஷம் நிற்கிறது. மாமரம் முதலிய மரங்களிலும் பழத்துக்கு வந்து சேருவது சொற்பமே. இது மனிதர்க்கு நல்ல செய்தி, மாட்டுக்கு அன்று. நாம் அரிசியைத் தின்கிறோம், மாடு வைக்கோலைத் தின்கிறது. வைக்கோற்போரை ஒருவரும் சோதிக்க அனுப்புவதில்லை.

நெல்லின் கதை தனிக் கதை. வயலில் நீரைக் கட்டி நிறுத்தியவுடன் மண்ணில் காற்று அற்றுப்போகிறது. நமது செம்மண்ணுக்கு நிறம் தரும் இரும்புத் துரு, காற்றுள்ள வரையில் ஆர்ஸெனிக்கை இறுகப் பிடித்து வைத்திருக்கும். காற்றில்லாதபோது துரு கரைகிறது. பிடித்திருந்ததும் நீரில் இறங்குகிறது. அத்துடன் ஆர்ஸெனேட் மண்ணிலேயே ஆர்ஸெனைட்டாக மாறிவிடுகிறது. நெற்பயிர் மணற்சத்தாகிய சிலிக்காவை மிகுதியாக விரும்பி உண்ணும் பயிர் என்பது உமியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சிலிக்காவை இழுக்கும் வழியிலேயே ஆர்ஸெனைட்டும் உள்ளே செல்லுகிறது என்று 2008-ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் ருசுப்படுத்தினர். மற்றத் தானியங்களைவிட நெல் சுமார் பத்து மடங்கு மிகுதியாக ஆர்ஸெனிக்கைச் சேர்த்துக்கொள்ளுவதற்கு இவ்விரு காரணங்களும் போதும். அமெரிக்காவின் தென் மாகாணங்களில், பருத்திக்கு ஆர்ஸெனிக் கலந்த களை மருந்து அடித்த நிலத்தில் பின்பு நெல் நட்டவர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள்: அறுவடைக் காலத்திலும் கதிர்கள் தலை சாயாமல் நெட்டுக்குத்தாக நின்றன. உள்ளே மணி இல்லை, எல்லாம் சாவி.

மேலே கூறியவை பரிசோதனைச் சாலையின் கண்ணாடிக் குப்பிகளில் மாத்திரம் கண்டவை அல்ல. வங்காளத்தில் லட்சக்கணக்கான ஏக்கரில் இது நடந்திருக்கிறது. 1960-ஆம் ஆண்டுகளுக்குப் பின் அங்கே கோடைப் போகமாகிய போரோ நெல்லுக்காக ஆழமில்லாத குழாய்க் கிணறுகள் எண்ணற்றவை இறக்கப்பட்டன. விளைச்சல் பெருகிற்று. குடிதண்ணீரும் அக்குழாய்களிலிருந்தே எடுத்தார்கள். 1983-ஆம் ஆண்டில் கல்கத்தா உஷ்ணப் பிரதேச வைத்தியப் பள்ளியில் தோல் வைத்தியராயிருந்த டாக்டர் கே. சி. ஸாஹா, கிராமத்திலிருந்து வந்த நோயாளிகளின் உள்ளங்கைத் தடிப்பையும் மழைத்துளி போன்ற கரும்புள்ளிகளையும் கண்டு, இது பாஷாண நோய் என்று கூறினார். மால்டா, முர்ஷிதாபாத், நதியா, இரு 24 பர்கனாக்கள் என ஜில்லா ஜில்லாவாகக் கணக்கு வளர்ந்தது. நீரைக் குடித்தவர் நோயைப் பற்றி உலகம் அறிந்தபின் வெகு நாள் கழித்தே அந்நீரைக் குடித்த நிலத்தைப் பற்றி ஆராய்ந்தனர். வங்காள தேசத்து ஃபரீத்பூரில் ஒரு கிணற்றுப் பாசனத்தில் அளந்து பார்த்ததில், மடை வாயிலுக்கு எட்டத்தில் ஹெக்டேருக்கு 7 முதல் 9 டன் விளைந்த நெல், மடை வாயிலருகே 2 அல்லது 3 டன்னாக இறங்கியிருந்தது. ஒரே கிணறு, ஒரே விதை, ஒரே உரம். தண்ணீர் முதலில் விழும் இடத்து மண் விஷத்தை வடிகட்டித் தன்னிடம் வைத்துக்கொண்டதே வித்தியாசம்.

'அது கங்கைச் சமவெளியின் வண்டல், நம்முடையது பாறை நாடு, நமக்கென்ன?' என்று கேட்கலாம். கேள்வியில் பாதி நியாயம் உண்டு. ஹிமயத்திலிருந்து இறங்கிய வண்டல் நமக்கு இல்லை. ஆனால் பாறை நாட்டுக்கும் பாஷாணம் உண்டு. அது பொன்னின் தோழன். பொன் கிடைக்கும் கந்தகத் தாதுக்களில் ஆர்ஸெனிக் கலந்திருப்பது வழக்கம். கர்நாடகத்து ராய்ச்சூர், யாத்கிரி ஜில்லாக்களில் பொன் தாதுள்ள பாறைப் பகுதிகளில் கிணற்று நீரில் பாஷாணம் ஏறியிருக்கிறது. யாத்கிரியைச் சேர்ந்த கிரதள்ளி தாண்டா என்னும் சிற்றூரின் குடிகள் தோல் நோயால் பட்ட பாடு 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளியாயிற்று. அவ்விடமும் கங்கைக் கரையன்று, கருங்கல் நாடே. கோலார்ப் பொன் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டுவிட்டாலும், அந்தப் பொன் பாறைத் தொடர் கோலாரோடு நின்றுவிடவில்லை. தெற்கே இறங்கி நமது ஜில்லாவின் வேப்பனப்பள்ளி, மகாராஜகடைப் பக்கங்களுக்கு வருகிறது. மேல் கிணறு வறண்டு, ஆயிரம் அடிக்குக் கீழ் பாறை வெடிப்பில் தேங்கிய பழைய ஜலத்தை எடுக்கும் நாம், எந்தப் பாறையோடு எத்தனை காலம் ஒட்டியிருந்த ஜலத்தை எடுக்கிறோம் என்று பாராமல் இருத்தல் தகுமா?

இரண்டாவது வழி மேலேயிருந்து வருவது. ஓசூரில் 1970-ஆம் ஆண்டுகளில் தொடங்கிய தொழிற்பேட்டை இன்று எல்லை வரையில் பரந்து கிடக்கிறது. பர்கூரிலும் போச்சம்பள்ளியருகிலும் ஆலைகள் எழுந்துவிட்டன. பெங்களூரின் சாக்கடை நீர் தென்பெண்ணையில் இறங்கிக் கெலவரப்பள்ளி அணையில் வெண்ணுரையாகப் பொங்குவதை அவ்வப்போது கண்டு எல்லோரும் திடுக்கிடுகிறோம். அதே ஆற்று நீர் கிருஷ்ணகிரி அணைக்கும், நெடுங்கல் அணைக்கட்டு வழியாய்ப் பாரூர் ஏரிக்கும் வருவது. நுரைக்குக் காரணம் பெரும்பாலும் சலவைச் சோப்புப் பொருள்கள். நுரையைக் கண்டு பயப்படுவது எளிது. ஆர்ஸெனிக், காட்மியம், ஈயம் ஆகியவை நுரைப்பதில்லை, நாறுவதில்லை, நிறமும் சுவையும் காட்டுவதில்லை.

மூன்றாவதாக ஒரு சிறு வழி உண்டு. சிறிதானாலும் நம் கையில் உள்ளது. செம்பு, குரோமியம், பாஷாணம் மூன்றையும் கூட்டி மரத்துக்கு ஏற்றினால் செல்லரிக்காது என்று 1933-ஆம் ஆண்டில் டேராடூன் வன ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் சோந்தி காமேசம் என்பவர் கண்டுபிடித்தார். உலகமெங்கும் பரவிய நல்ல கண்டுபிடிப்பு அது. நம்மவர் ஒருவர் செய்தது என்பதில் பெருமையும் உண்டு. ஆனால் அவ்வாறு மருந்தேற்றிய பழைய கம்பங்களையும் கட்டைகளையும் மலிவாக வாங்கி அடுப்பெரித்து, அந்தச் சாம்பலைக் கத்தரிப் பாத்திக்கும் கீரைப் பாத்திக்கும் தூவுவது பெருந்தவறு. மரம் எரிந்தாலும் அதிலிருந்த பாஷாணத்தில் பெரும் பங்கு சாம்பலில் தங்கிவிடும். பச்சை நிறம் பாய்ந்த கட்டை எதையும் எரிக்க வேண்டாம்.

குடிநீருக்கு நம் தேசத்து விதி லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். பாசன நீருக்கு ஐக்கிய நாட்டு உணவு விவசாய ஸ்தாபனம் கூறும் வரம்பு 0.1 மில்லிகிராம், அதாவது பத்து மடங்கு. 'வரம்புக்கு உட்பட்டிருக்கிறது' என்று ஒரு சீட்டு வந்தால் நாம் நிம்மதியாய் உட்கார்ந்துவிடுவோம். சற்றுக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு போக நெல்லுக்கு 1,000 மில்லிமீட்டர் உயரத்துக்குக் கிணற்று நீர் பாய்ச்சினால் ஏக்கருக்குச் சுமார் 40 லட்சம் லிட்டர் ஆகிறது. லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வீதம் அந்நீரில் 400 கிராம் ஆர்ஸெனிக் வந்து விழும். மேல்மண் அரை அடி கனத்துக்கு ஏக்கருக்கு ஏறக்குறைய 8 லட்சம் கிலோ எடை. ஆகவே கிலோ மண்ணுக்கு அரை மில்லிகிராம் கூடுகிறது. ஆண்டுக்கு இரு போகம் வீதம் 10 ஆண்டில் 10 மில்லிகிராம். சாதாரண நிலத்தில் இயற்கையாயிருப்பதே 5 முதல் 10 மில்லிகிராம் வரையில்தான். வடிகாலில் ஓடுவது கொஞ்சம் போகும். ஆனால் மடையோரத்தில் சராசரியைவிட மிகுதியாகச் சேரும் என்பதை ஃபரீத்பூரில் பார்த்தோம். தந்தை பாய்ச்சிய நீரின் பலனை மகன் அனுபவிப்பான் என்பதற்கு இதைவிடக் கணக்கு வேண்டியதில்லை.

இந்த ஜில்லாவுக்கு இது போன்ற அனுபவம் ஏற்கனவே உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் ஃப்ளோரைட் மிகுந்த கிணற்று நீரைக் குடித்துக் குழந்தைகளின் பற்கள் பழுப்பேறியதும், கால்கள் வளைந்ததும், இறுதியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்து சேர்ந்ததும் யாவரும் அறிந்ததே. ஃப்ளோரைட்டாவது பல்லில் எழுதிக் காட்டிற்று. பாஷாண நோய் தோலில் தோன்றப் பத்து ஆண்டுக்கு மேலும் ஆகலாம். அதுவரையில் நீரும் அரிசியும் நம்மிடம் ஒன்றும் சொல்லா.

ஆகவே என் அபிப்பிராயம் யாதெனில், பார்த்தறிய வேண்டும்; பாராமல் இருக்கிறது என்று பயமுறுத்துவதும் தவறு, பாராமல் இல்லை என்று தேற்றுவதும் தவறு. 2015-இல் தொடங்கிய மண் வள அட்டையில் கார அமில நிலை, உப்பு, அங்ககச் சத்து, தழை மணி சாம்பற் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீஸ், போரான் என்று 12 விவரங்கள் உள்ளன. எல்லாம் பயிருக்கு என்ன குறை என்று கேட்பவை. பயிருக்கு ஆகாதது என்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்கும் கட்டம் ஒன்றுகூட இல்லை. தேசம் முழுவதற்கும் அதைச் சேர்க்கச் சொன்னால் செலவு தாங்காது என்பார்கள், ஒப்புக்கொள்ளுகிறேன். எல்லா நிலத்துக்கும் வேண்டியதில்லை. ஆழ்குழாய் நீரால் நெல் விளைவிக்கும் நிலம், தொழிற்பேட்டைக்கு அண்டிய ஆயக்கட்டு, பொன் பாறைத் தொடர் ஓடும் கிராமங்கள் ஆகிய இவற்றுக்கு மாத்திரம், ஐந்து ஆண்டுக்கு ஒரு தடவை, ஆர்ஸெனிக்கும் காட்மியமும் சேர்த்துப் பார்த்தால் போதும்.

கிராம நிர்வாக அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடங்கலில் இந்தச் சர்வே நம்பரில் இன்ன பயிர், இன்ன பாசனம் என்று எழுதுகிறீர்கள். ஆழ்குழாய்க் கிணறானால் அதன் ஆழத்தையும், நீரைச் சோதித்த தேதியையும், கண்ட அளவையும் பக்கத்தில் ஒரு குறிப்பாக எழுதி வைத்தால், பத்து ஆண்டில் ஒவ்வொரு ஃபிர்காவுக்கும் ஒரு படமே கிடைத்துவிடும். வங்காளத்தில் ஒரு கிணற்றில் விஷம் இருக்க, ஐம்பது கஜத்துக்கு அப்பாலுள்ள கிணறு சுத்தமாயிருந்தது என்று பல இடங்களில் கண்டிருக்கிறார்கள். ஆகையால் ஊருக்கு ஒரு கிணற்றைச் சோதித்து ஊர் முழுவதற்கும் தீர்ப்புச் சொல்லுதல் பயன்படாது.

மிராசுதாரர் சிலர் இதைக் கேட்டு முகம் சுளிக்கிறார்கள். 'சோதித்தால் பெயர் கெடும். நிலத்தின் விலை விழும். மாம்பழக் கூழ் வாங்குகிறவன் வரமாட்டான்' என்பது அவர்கள் பயம். இந்தப் பயத்தை நான் இகழவில்லை. கடன் வாங்கிப் போர் போட்டவனுக்கு அது இயல்பு. ஆனால் வெளிநாட்டுக்குச் செல்லும் பொருளைத் துறைமுகத்தில் வாங்குகிறவன் சோதிக்கத்தான் செய்கிறான். வெள்ளை அரிசியில் அங்ககமல்லாத ஆர்ஸெனிக் கிலோவுக்கு 0.2 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்று சர்வதேச உணவு விதி 2014-இல் ஏற்பட்டுவிட்டது. அவன் கண்டுபிடித்துச் சொல்லுவதைவிட நாமே முன்னதாக அறிந்து, அந்த ஒரு மூலையில் பயிரை மாற்றிக்கொள்ளுவது லாபம்.

அளவு மிகுதி என்று தெரிந்தால் நிலத்தைக் கைவிட வேண்டியதில்லை. முதல் உபாயம் நெல்லை விடுத்துக் கேழ்வரகு, கொள்ளு, துவரை, நிலக்கடலை முதலிய புஞ்சைப் பயிருக்குத் திரும்புவது. நீர் தேங்காத செம்மண்ணில் இரும்புத் துருவே காவல். பையூர் ஆராய்ச்சி நிலையத்தார் இப்பகுதிக்கென்றே கண்ட கேழ்வரகு, கொள்ளு ரகங்களும் இருக்கின்றன. நெல்லே வேண்டுமென்றால் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்ட வேண்டும். வயல் மயிரிழை வெடிப்பு விடும் வரையில் ஆறவிட்டுப் பின் பாய்ச்சினால் மண்ணில் காற்று ஏறி ஆர்ஸெனிக் மீண்டும் துருவோடு ஒட்டிக்கொள்ளும், தண்ணீரும் மிச்சம். ஆனால் ஒன்று. காட்மியம் இதற்கு நேர்மாறானது. வயல் காய்ந்தால்தான் அது அரிசிக்குள் ஏறும். ஆலைக் கழிவு நீர் பாயும் வயலில் இரண்டையும் சோதியாமல் இம்முறையைக் கையாண்டால் ஒரு விஷத்தை விரட்டி மற்றொன்றை அழைத்தவர் ஆவோம். அதனாலேயே இரண்டுக்கும் கட்டம் வேண்டும் என்கிறேன்.

உமியை மண்ணில் சேர்ப்பதும் நன்று. சிலிக்கா மிகுந்தால் அந்த வாசலில் ஆர்ஸெனைட்டுக்கு இடம் குறையும். செங்கல் சூளைக்கு உமியை விற்றுவிடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். பசுந்தாள் உரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை: மற்ற இடங்களில் அது போன்ற நல்ல உரம் இல்லை, பாஷாணமுள்ள நெல் வயலில் மாத்திரம், பச்சைத் தழையை மிதித்து உடனே நீரைக் கட்டினால் மண்ணின் காற்று விரைவில் அற்று விஷம் அதிகமாய் இளகும். அங்கே நன்றாய் மக்கிய எருவையே இட வேண்டும். மணிச்சத்தைக் கொட்டினால் ஆர்ஸெனேட்டை வாசலில் தடுக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். புஞ்சையில் ஓரளவு மெய். ஆனால் அதே மணிச்சத்து மண்ணில் ஒட்டியிருந்த ஆர்ஸெனிக்கையும் பெயர்த்து விடும். மண்ணைப் பொறுத்த விஷயம். கண்ணை மூடிக்கொண்டு செய்யத்தக்கதன்று. மடை வாயிலில் ஒரு சென்ட் நிலத்தைப் பள்ளமாக விட்டு நீரைத் தேக்கிப் பின் வயலுக்கு விட்டால் விஷத்தில் ஒரு பங்கு அங்கேயே படியும்; அந்த ஒரு சென்டில் பயிர் வேண்டாம், மாட்டையும் மேய விட வேண்டாம்.

ப்டெரிஸ் விட்டாட்டா என்னும் ஒரு பெரணிச் செடி தன் இலை உலர் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு வரையில் ஆர்ஸெனிக்கைச் சேர்த்துக்கொண்டும் சாகாமல் தழைக்கிறது என்று 2001-இல் அமெரிக்காவின் ஃப்ளாரிடாவில் கண்டார்கள். அதை நட்டு நிலத்தைச் சுத்தம் செய்யலாம் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். செடி ஆச்சரியமானதே, ஆனால் நிலம் சுத்தமாகப் பல ஆண்டுகள் ஆகும், அறுத்த தழையை எங்கே போடுவது என்ற கேள்வியும் நிற்கும். ஐந்து ஏக்கர்க்காரர் அத்தனை காலம் நிலத்தைப் போட்டு வைக்க மாட்டார். நம் வீடுகளில் நிறையத் தண்ணீர் வைத்துச் சோறு வடிக்கும் பழக்கம் இதைவிட உபகாரமானது. நல்ல நீரில் வடித்தால் அரிசியிலுள்ளதில் ஒரு பெரும் பங்கு கஞ்சியோடு போய்விடும். அந்தக் கஞ்சியைப் பசுவின் தொட்டியில் ஊற்றுகிறோம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நீரைச் சோதிக்க விரும்புகிறவர்கள் இவ்விதம் மாதிரி எடுப்பார்களாக. மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டுக் குழாயில் தங்கிய பழைய நீர் போனபின், அதே நீரால் மூன்று முறை கழுவிய சுத்தமான பிளாஸ்டிக் புட்டியில் கழுத்து வரை நிரப்பி மூட வேண்டும். மருந்துப் புட்டி, எண்ணெய்ப் புட்டி உதவா. புட்டியின் மேல் சர்வே நம்பர், கிணற்றின் ஆழம், எடுத்த தேதி ஆகியவற்றை எழுதி ஒட்டி, தாமதமின்றி ஜில்லாத் தலைநகரிலுள்ள குடிநீர் வாரியப் பரிசோதனைச் சாலையில் சேர்த்து, ஆர்ஸெனிக்கையும் பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேளாவிட்டால் வழக்கமான விவரங்களை மாத்திரம் பார்த்து அனுப்பிவிடக்கூடும். மண்ணை எடுக்கும்போது வயல் முழுவதையும் ஒன்றாகக் கலவாமல், மடை வாயிலிலிருந்து பத்தடிக்குள் ஒரு மாதிரியும், கடைக்கோடியில் ஒரு மாதிரியும் தனித்தனிப் பைகளில் கட்டுவது அவசியம். இரண்டின் அளவுக்கும் உள்ள வேற்றுமையைக் கண்டால், விஷம் நீரோடு வந்ததா, மண்ணிலேயே இருந்ததா என்பது தெரிந்துவிடும். நாற்று விடுவதற்கு முன், ஆனி மாதத்துக்குள் மாதிரிகளைச் சேர்ப்பித்தால் சம்பாப் பட்டத்துக்கு எந்தப் பயிர் என்று முடிவு செய்ய அவகாசம் இருக்கும்.